கிச்சன் டவர், ஸ்டார் சார்ட், குட்டிக் கத்தி: பிள்ளை தானாகச் செய்ய எது உதவுகிறது?

பிள்ளை சுயமாக வளர உதவும் என்று சொல்லி ஆன்லைனில் விற்கும் சாமான்களை எல்லாம் வாங்கினால் ஒரு அறை போதாது. அடுப்படி மேடைக்கு ஏறி நிற்கும் மர டவர், காந்த நட்சத்திரம் ஒட்டும் சார்ட், சிவப்பு வட்டம் சுருங்கும் டைமர், நைலான் கத்தி செட், குட்டித் துடைப்பம் என்று போய்க்கொண்டே இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் இந்த விமர்சனத்தில் ஒரே அளவுகோல்தான். பிள்ளை பெரியவரைக் கூப்பிடாமல் வேலையைத் தொடங்கி, முடித்து, கொட்டியதையும் துடைத்துவிட்டு நகர முடிகிறதா? முடிந்தால் அந்தப் பொருள் காசுக்குத் தகும். "அம்மா, இத எடுத்துக் குடு" என்று நடுவில் மூன்று தடவை கூப்பிட வைத்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அறை அலங்காரம்தான்.

முதலில் "மான்டிசோரி" என்ற முத்திரை. யார் வேண்டுமானாலும் எந்தச் சாமான் மேலும் அதை ஒட்டி விற்கலாம். அது தரச் சான்று அல்ல. மரியா மான்டிசோரி 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் பிள்ளைகளின் கைக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி அமைந்தன. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியபோதும் அவர் சொன்னது அதே கருத்துதான். கைக்கு எட்ட வேண்டும், பிள்ளையால் தூக்க முடிய வேண்டும், தவறினால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பழுப்பு மரமும் வெளிர் நிறமும் அதில் சேர்த்தி இல்லை.

கிச்சன் டவர்

இருப்பதிலேயே விலை கூடியது இது. சரியாக அமைந்தால் பயனும் இதில்தான் அதிகம். நான்கு பக்கமும் கைப்பிடிச் சட்டம் உள்ள உயரமான நிற்கும் மேடை இது. ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை உதவும்.

பலர் சறுக்குவது உயரத்தில்தான். விளம்பரத்தில் "3 லெவல் அட்ஜஸ்டபிள்" என்று போட்டிருப்பார்கள், நம் மேடைக்கு எந்த லெவல் என்று சொல்ல மாட்டார்கள். வாங்கும் முன் ஒரு டேப்பை எடுங்கள். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளங்கள். அடுப்படி மேடையின் உயரத்திலிருந்து அந்த அளவைக் கழித்து 5 செ.மீ. கூட்டினால், பிள்ளை நிற்கும் தட்டின் உயரம் கிடைக்கும். மேடை 84 செ.மீ., மூன்று வயதுப் பிள்ளையின் முழங்கை 56 செ.மீ. என்றால் தட்டு 33 செ.மீ.-ல் இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் தோளைத் தூக்கிக்கொண்டு வேலை செய்யும், ஐந்து நிமிடத்தில் அலுத்து இறங்கிவிடும். உயர்ந்தால் மேடை மேல் கவிழ்ந்து நிற்கும், சட்டமும் இடுப்புக்குக் கீழே போய்விடும்.

ஐகியாவின் பெக்வாம் ஸ்டூலுக்கு மேலே சட்டம் அடித்து டவர் ஆக்கும் வீடியோக்கள் ஏராளம். அந்த ஸ்டூலின் மேல் தட்டு 50 செ.மீ. உயரம். 84 செ.மீ. மேடை முன்னால் அதில் நிற்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு மேடை ஏறக்குறைய தொடை உயரத்துக்குத்தான் வரும். மேலும், ஸ்டூலாகச் செய்த பொருளில் நாம் துளை போட்டுச் சட்டம் ஏற்றிய பிறகு, கம்பெனி செய்த பாரச் சோதனை எதுவும் அதற்குப் பொருந்தாது. நம் மேடைகளுக்கு இந்த வழி வேண்டாம்.

அடுத்தது சட்டங்களுக்கு இடையிலான இடைவெளி. பூங்கா விளையாட்டுச் சாதனங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு வழிகாட்டுதலில் 9 செ.மீ.-க்கும் 23 செ.மீ.-க்கும் இடைப்பட்ட திறப்பு ஆபத்தானது என்று இருக்கிறது. உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். டவருக்கும் அதே கணக்கைப் போடுங்கள்: இடைவெளி 9-க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 23-க்கு மேலே. மலிவு மாடல்களில் பின் பக்கம் ஒரே ஒரு குறுக்குக் கட்டைதான் இருக்கும். அதன் கீழே எவ்வளவு திறந்திருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

டவர் வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டிய சோதனை இது. தட்டின் மேல் 10 கிலோ அரிசிப் பையை வைத்து, மேல் சட்டத்தைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பிள்ளை மேடையைக் கையால் தள்ளும்போது விசை அந்தத் திசையில்தான் வரும். முன்கால்கள் லேசாக இழுத்ததற்கே தரையை விட்டு எழும்பினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கால்கள் கீழே போகப் போக வெளிப்பக்கம் விரிந்திருக்கும் மாடல் எளிதில் சாயாது. நேர்க்கால் மாடலுக்கு, சாயாமல் தாங்க அடியில் நீட்டுக்கட்டை தருவார்கள். அது தரையில் துருத்திக்கொண்டு பெரியவர் காலை இடறும், கழற்றி வைக்கத்தான் கை போகும். கழற்றினால் டவரே வேண்டாம்.

நம் அடுப்படிக்கே உரிய சிக்கல்கள் வேறு. இங்கே பல வீடுகளில் அடுப்பு மேடைக்குள் பதிந்திருப்பதில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் வாணலி ஏறினால் விளிம்பு டவரில் நிற்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் முகத்துக்கும் நேரே வந்துவிடும். கடுகு வெடித்தால் முதலில் படுவது கன்னத்தில்தான். எனவே டவருக்கு இடம் சிங்க் பக்கம். அடுப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி. மிக்சியின் பிளக் பாயின்ட் அந்தச் சுவரில் இருந்தால் அதற்கு மூடி போடுங்கள்.

தண்ணீர் அடுத்த எதிரி. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் செய்த டவர் சிங்க் ஓரம் நின்றால் கால்முனை ஊதி உப்பும், ஸ்க்ரூ பிடிப்பு விட்டுப்போகும். ரப்பர் மரம், பீச், நல்ல பிளைவுட் மூன்றில் எதுவானாலும் சரி. ஆசாரியிடம் செய்யச் சொல்வதானால் 18 அல்லது 19 மி.மீ. பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை (ஈரம் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக்குறி) உள்ளது என்று கேளுங்கள். அளவு நம் மேடைக்கே அமையும் என்பதால், கைவேலை சுத்தமான ஆசாரி கிடைத்தால் கடை டவரைவிட இதுவே மேல். மூலைகளை உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்ல மறக்காதீர்கள். கடை டவரோ ஆசாரி டவரோ, போல்ட்டுகளை முதல் மாதம் வாரம் ஒரு முறை ஆலன் கீயால் முறுக்குங்கள். பிறகு மாதம் ஒரு முறை போதும்.

ஈர டைல்ஸில் வழுக்காமல் இருக்கக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்ட வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மாட்டினால் பிள்ளையால் டவரை நகர்த்த முடியாது. ஃபெல்ட் ஒட்டினால் நகரும், ஆனால் ஈரத்தில் வழுக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. ரப்பரைப் போட்டு, சிங்க் அருகே நிரந்தர இடம் கொடுத்துவிடுங்கள். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் ஏணி. பெரியவர் அடுப்படியில் இல்லாதபோது ஏறும் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். மடக்கும் மாடல் இந்த இடத்தில் வசதிதான், ஆனால் கீல் ஓரத்தில் விரல் நசுங்காமல் மூடி இருக்கிறதா, மடங்காமல் பூட்டும் பின் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: டவர் இல்லாமலே பாதி வேலை நடக்கும். தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஒரு மணை, ஒரு அகலத் தாம்பாளம், தோல் போட ஒரு கிண்ணம் போதும். இரண்டு வயதில் கறிவேப்பிலை உருவலாம், கொத்தமல்லி கிள்ளலாம். மூன்றில் கீரை ஆயலாம், லேசாக நசுக்கிக் கொடுத்தால் பூண்டு உரிக்கலாம். நான்கில் பீன்ஸ் முனை ஒடிக்கலாம், சப்பாத்தி மாவை உருண்டை பிடிக்கலாம். ஐந்தில் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஆழாக்கால் நாலுக்கு ஒன்று அளந்து போடலாம். கணக்கும் அதோடு போகும். நாலு வயதுக்குக் கீழே வேர்க்கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும். தரையில் விழ உயரமே இல்லை என்பதால் பெரியவரும் பதறாமல் தன் வேலையைப் பார்க்கலாம். காய் கழுவவும் டம்ளர் தேய்க்கவும் மட்டும்தான் டவர் தவிர்க்க முடியாதது. ஐந்து வயது தாண்டியவருக்கு அதற்கும் 20 முதல் 25 செ.மீ. உயரமுள்ள உறுதியான ஸ்டூல் போதும்.

ஜக்கும் கத்தியும்

மொத்தப் பட்டியலில் குறைந்த செலவில் நிறைய பலன் தருவது 250 மி.லி. அளவுள்ள, மூக்கு வைத்த சின்ன ஜக். சொம்பு இதற்கு ஆகாது. விளிம்பு மடிந்து மூக்கில்லாமல் இருப்பதால் மெதுவாகச் சாய்த்தால் தண்ணீர் வெளிப்பக்கச் சுவரோடு வழிந்து கைக்கு வரும். வேகமாகச் சாய்த்தால் டம்ளரைத் தாண்டிக் கொட்டும். பிள்ளை எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொட்டத்தான் செய்யும், கடைசியில் திட்டு அதற்கு விழும்.

பழக்கும் முறை: ஜக்கில் பாதி மட்டும், சுமார் 120 மி.லி. ஊற்றுங்கள். டம்ளர் 150 மி.லி. கொள்வதாக இருக்கட்டும்; ஜக் முழுவதையும் கவிழ்த்தாலும் நிரம்பி வழியாது. இரண்டையும் விளிம்புள்ள தட்டில் வையுங்கள், பக்கத்தில் மடித்த கைத்துணி. முதல் சில நாள் தண்ணீருக்குப் பதில் துவரம்பருப்பு. அது மெதுவாக விழும், சிந்தினால் பொறுக்கலாம். பிறகு தண்ணீர். ஒரு கை கைப்பிடியில், மறு கை மூக்குக்குக் கீழே. ஜக்கின் மூக்கு டம்ளர் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இறக்கி, பிறகுதான் சாய்க்க வேண்டும். பிள்ளைகள் உயரத்திலிருந்தே சாய்த்துவிடுவார்கள், சிந்துவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். வாயால் விளக்காமல், ஒரு தடவை பேசாமல் மெதுவாகச் செய்து காட்டுங்கள். கையைப் பார்க்கும்போது காது வேலை செய்யாது. ஸ்டீலோ கண்ணாடியோ சரி, பிளாஸ்டிக் ஜக் மட்டும் வேண்டாம். எடை குறைவு, காலியாகும்போது கையில் ஆடும்.

நைலான் கத்தி செட்டில் பெரும்பாலும் மூன்று கத்தி வரும். வாழைப்பழம், வெள்ளரிக்காய், பனீர், வேகவைத்த உருளைக்கிழங்கு எல்லாம் நன்றாக வெட்டும். கேரட்டைக் கொடுக்காதீர்கள். முனை மழுங்கலாக இருப்பதால் பிள்ளை உடல் பாரத்தையே போட்டு அழுத்தும், காய் உருண்டு கை வழுக்கும். கடினமான காய்க்கு மேலே கைப்பிடியுள்ள அலை வெட்டுக் கட்டர் நல்லது: இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும், விரல் தகட்டுக்குக் கீழே போக வழியில்லை. காயை நீளவாக்கில் பாதியாக நாம் வெட்டி, தட்டைப் பக்கம் கீழே வைத்துக் கொடுத்தால் உருளாது. வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரியுங்கள். செட்டோடு வரும் ஏப்ரன், சமையல்காரர் தொப்பிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஸ்டார் சார்ட்

விற்பனையில் முன்னால் நிற்பது இது, வீட்டுக்குள் கெடுதலும் இதுதான் செய்கிறது. பல் தேய்த்தால் ஒரு நட்சத்திரம், படுக்கை மடித்தால் ஒன்று, இருபது சேர்ந்தால் பொம்மை. முதல் வாரம் அற்புதமாக ஓடும். பிறகு பேரம் தொடங்கும். "தட்டு எடுத்து வெச்சா எத்தனை ஸ்டார் தருவீங்க?" இன்னும் சில நாளில் அதுவரை தானாகச் செய்த வேலைக்கும் கூலி கேட்கும்.

இதற்குச் சோதனை ஆதாரம் உண்டு. 1973-ல் உளவியல் ஆய்வாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் அமெரிக்காவில் நர்சரிப் பிள்ளைகளிடம் செய்தது இது. மார்க்கரால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்கு, வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள், மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து மார்க்கரைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, பரிசு சொல்லி வரைந்த குழு மற்றவர்களில் சுமார் பாதி நேரம்தான் வரைந்தது. எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. வார்னெகன், தோமசெல்லோ என்ற ஆய்வாளர்கள் 2008-ல் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்ததும் இதே போக்குதான்: உதவியதற்குப் பரிசுப் பொருள் வாங்கிய குழந்தைகள் பின்னால் உதவுவது குறைந்தது.

இதிலிருந்து வீட்டுக்கு ஒரு விதி எடுக்கலாம். பிள்ளைக்கு ஏற்கெனவே ஆசையுள்ள வேலைக்கு, அதாவது சமையலில் கூட நிற்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தம்பி தங்கைக்கு உதவுவது போன்றவற்றுக்கு, நட்சத்திரம் கிடையவே கிடையாது. துளியும் ஆசையில்லாத, ஆனால் விட முடியாத ஒரு பழக்கத்துக்கு, உதாரணமாக இரவில் பல் தேய்ப்பதற்கு, ஒரே ஒரு வரிசையோடு இரண்டு மூன்று வாரம் வைக்கலாம். பழக்கம் பிடித்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று என்று குறைத்து, பேசாமல் கழற்றிவிடுங்கள். கொடுத்த நட்சத்திரத்தைத் தண்டனையாகத் திரும்பப் பிடுங்கவே கூடாது. பிடுங்கினால் மிச்சம் இருப்பதன் மேலும் பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடும்.

சார்ட்டை வாங்கிவிட்டீர்கள் என்றால் காந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பலகையை வைத்துக்கொள்ளுங்கள். காலை வேலை வரிசைக்கு நான்கே படம் ஒட்டுங்கள்: பிள்ளையின் சொந்தப் பிரஷ், சொந்த யூனிஃபார்ம், சொந்தப் பை, சொந்த ஷூ, போனில் எடுத்து லேமினேட் செய்தது. கடைப் படத்தில் இருக்கும் மேல்நாட்டுக் கட்டிலும் சீரியல் கிண்ணமும் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது. ஒட்டும் உயரம் பிள்ளையின் கண்ணுக்கு நேராக. "பல் தேய்ச்சியா, டிரஸ் போட்டியா" என்ற விசாரணைக்குப் பதில் "அடுத்த படம் என்ன?" என்ற ஒரே கேள்வி. எட்டுப் பத்துப் படம் ஒட்டினால் யாரும் பார்ப்பதில்லை.

பாராட்டும் நட்சத்திரம் மாதிரிதான் வேலை செய்கிறது. எதற்கெடுத்தாலும் "சூப்பர்டா தங்கம்" என்றால் பிள்ளை வேலையைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்க்கும். கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும்: "ஒரு சொட்டு கூட சிந்தலையே."

சிவப்பு வட்டம் சுருங்கும் டைமரைப் பற்றிச் சுருக்கமாக: மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு "இன்னும் பத்து நிமிஷம்" என்றால் என்ன என்று காட்டுவதற்கு நல்லது. டிக் சத்தம் இல்லாத, அலாரம் ஒலியைக் குறைக்க முடிந்த மாடல் எடுங்கள். நாலு வயதுக்குக் கீழே 60 நிமிட வட்டத்தில் 5 நிமிடம் மெல்லிய கீற்றாகத்தான் தெரியும். முழு வட்டமே குறைந்த நிமிடமுள்ள மாடல் பொருந்தும். திருப்புகிற கை பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். பெரியவர் திருப்பி வைத்து "இதுக்குள்ள முடிக்கல..." என்று மிரட்டினால் இரண்டே நாளில் டைமர் சோபாவுக்கு அடியில் போய்விடும். பல் தேய்க்க 2 நிமிட மணல் கடிகாரம் போதும், அது குளியலறை ஈரத்தில் அடைத்துக்கொள்ளாமல் இருந்தால்.

டிபன் பாக்ஸ்

"சுயமாக வளர" என்ற வகையில் இதை யாரும் விற்பதில்லை. ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளை தினமும் தனியாகச் சமாளிக்க வேண்டிய பொருள் இதுதான். சாப்பாடு அப்படியே திரும்பி வந்தால் ருசி சரியில்லை என்று நினைக்கிறோம். பல நேரம் மூடியைத் திறக்க முடியாததுதான் காரணம்.

நாலு பக்கக் கிளிப் டப்பாவில் கிளிப்பைத் தூக்கக் கட்டைவிரலுக்குப் பலம் வேண்டும். நான்கு வயதில் இரண்டு கிளிப் திறப்பதற்குள் கை வலித்துவிடும். திருகு மூடி ஸ்டீல் டப்பாவில் புரி கோணலாக ஏறிவிட்டால் பெரியவர்களே திணறுவார்கள். அழுத்தி மூடும் சாதாரண ஸ்டீல் டப்பா, ஓரத்தில் விரல் கொடுத்துத் தூக்க உதடு உள்ளது, சின்னவர்களுக்குச் சரி. குழம்பு கசியும் என்பதால் கட்டுச்சோறு, இட்லி, சப்பாத்தி போன்றவற்றுக்கு மட்டும். கசியாத டப்பாதான் வேண்டும் என்றால் சிலிகான் வளையமும் இரண்டே கிளிப்பும் உள்ளதை எடுங்கள்.

வளையமுள்ள டப்பாவில் ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். சாதம் ஆவி பறக்க இருக்கும்போதே மூடினால், ஆறும்போது உள்ளே இருக்கும் நீராவி தண்ணீராகிக் காற்றழுத்தம் குறைந்துவிடும். வெளிக்காற்று மூடியை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காலை ஏழு மணிக்கு லேசாகத் திறந்த மூடி மதியம் அசையாது. ஐந்து நிமிடம் ஆற விட்டு மூடுங்கள், அல்லது ஆவி வெளியேறும் சின்ன ரப்பர் அடைப்பு வைத்த மூடியாகப் பார்த்து வாங்கி, சாப்பிடும் முன் அதை முதலில் தூக்கப் பழக்குங்கள். புது டப்பாவைத் திங்கட்கிழமை நேரே பையில் வைக்காதீர்கள். ஞாயிறு காலை சூடாகப் போட்டு மூடி, மதியம் பிள்ளை கையில் கொடுத்து, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். திறந்து, சாப்பிட்டு, திரும்ப மூடிப் பையில் வைக்கும் வரை பார்த்துவிட்டுப் பில்லைப் பத்திரப்படுத்துவதா, கடைக்கு எடுத்துப் போவதா என்று முடிவு செய்யுங்கள்.